விரியன் கடித்த கால்

எனக்கு ஓடப் பிடிக்கும் என்பது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் போல ஓடியிருக்கிறேன். அது கணக்கில் வராது. எங்கள் வீடு கீழ்க்கட்டளையில். பல்லாவரத்துப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. ஷூவின் மேல்பாகத்தை மெஷினில் தைக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன். ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தவள் ஒருநாள் மழை தூற ஆரம்பித்ததும் வீட்டுக்கு ஓடினேன். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. மறுநாள் மழை இல்லை. இருந்தும் ஓடினேன்.

ரோட்டில் ஓடுவது கஷ்டம். தண்ணீர் லாரிகள், நாய்கள், டீக்கடை வாசலில் நின்று பார்க்கிற கண்கள். சல்வாரும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக ஒரு பெண் ஓடினால், அவளை யாரோ துரத்துகிறார்கள் என்றுதான் அந்த வருஷங்களில் நினைத்தார்கள். ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, "யாரும்மா துரத்துறது?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அதனால் நன்மங்கலம் காட்டோரத்துக்கு இடம் மாறினேன். மேடவாக்கம் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண் தடம். இரண்டு பக்கமும் முட்புதர், நடுவில் பாறைகள், கொஞ்சம் உள்ளே போனால் கைவிடப்பட்ட கல்குவாரியில் தேங்கிய பச்சைத் தண்ணீர். ஏறி இறங்கி வளைந்து போகும் அந்தத் தடத்தில் ஓடிய பிறகு தார் ரோடு எனக்குப் பிடிக்காமலே போய்விட்டது.

தனியாகப் போகக் கூடாது என்பது என் மாமியார் போட்ட நிபந்தனை. துணைக்கு அனுப்பப்பட்டவள் என் நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. நல்ல உடல்வாகு, பலசாலி. வீட்டில் நிரம்பிய சிலிண்டரை அவள்தான் தூக்கிவைப்பாள். ஆனால் ஓட்டம் என்றால் ஆகாது. "எனக்கும் ஓட்டத்துக்கும் ஒத்து வராது அண்ணி, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, மொபெட்டைக் காட்டு வாசலில் நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்து பன் தின்றுகொண்டே வாரப் பத்திரிகை படிப்பாள். நான் வியர்த்து வழிந்து திரும்பும்போது, "முடிஞ்சுதா?" என்று அலுப்போடு கேட்பாள். நாங்கள் இருவரும் அப்படித்தான் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே போய்வந்தோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் மழை பெய்து மண் இறுகியிருந்தது, கால் வைக்க சுகமாக இருந்தது. விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பியிருந்தோம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். குவாரியைத் தாண்டிய வளைவில் ஒரு வேலிக்காத்தான் கிளை முறிந்து குறுக்கே கிடந்தது. தாண்டினேன். அந்தப் பக்கம் இடது கால் இறங்கிய நேரத்தில் கணுக்காலுக்கு மேல் சுருக்கென்று குத்தியது. முள் என்றே நினைத்தேன். பிறகுதான் சத்தம் கேட்டது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அப்படி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கிளைக்கு அடியில் தடிமனாக, பழுப்பு நிறத்தில், முதுகு நெடுகச் சங்கிலி கோத்த மாதிரிப் புள்ளிகளோடு சுருண்டு கிடந்தது. கண்ணாடி விரியன். அது என்னைப் பார்த்தபடியே இருந்தது. நான் பின்னால் நகர்ந்தேன். அது நகரவில்லை.

பயம் உடனே வரவில்லை. சாக்ஸில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் பெரிதாவதைப் பார்த்தபோதுதான் வந்தது. ஓடக் கூடாது, ஓடினால் விஷம் சீக்கிரம் ஏறும் என்று எங்கோ கேட்டது மட்டும் தலைக்குள் நின்றது. பாம்பை விட்டு நன்றாக விலகி, ஒரு பாறையில் உட்கார்ந்து, நாத்தனாரைக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

ஓட்டத்துக்கு ஒத்து வராதவள் ஓடி வந்தாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு வந்தாள். என் காலைப் பார்த்தாள். முகம் வெளுத்தது, ஆனால் குரல் மாறவில்லை.

"பார்த்தீங்களா, என்ன பாம்புன்னு?"

"கண்ணாடி விரியன்."

"சரி. காலை ஆட்டாதீங்க. ஏறுங்க."

"எதுல?"

"என் மேல."

முதுகில் தூக்கிக்கொண்டாள். குவாரிப் பக்கத்திலிருந்து காட்டு வாசல்வரை, பாறையும் பள்ளமுமான அந்தத் தடத்தில், வெறுங்காலோடு, ஒரு இடத்தில்கூட என்னைக் கீழே வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் அதற்குள் எரிய ஆரம்பித்திருந்தது. அடுப்பில் வைத்த மாதிரி எரிச்சல். கொலுசு இறுகியது, அவளிடம் சொன்னதும் நடந்தபடியே ஒரு கையால் அதன் கொக்கியைக் கழற்றி எடுத்தாள். மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, என் துப்பட்டாவை எடுத்து என்னையும் தன்னையும் சேர்த்து இடுப்போடு கட்டினாள். "மயக்கம் வந்தாலும் விழ மாட்டீங்க. பேசிக்கிட்டே இருங்க அண்ணி. என்ன வேணா பேசுங்க" என்றாள். நான் கம்பெனியில் அந்த வாரம் தைத்த டிசைன்களைப் பற்றிப் பேசினேன். வேறெதுவும் வரவில்லை.

மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி நின்றதும் டீக்கடையிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பாம்பு கடிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். வழிய விடுங்கண்ணா."

"கவுறு எடுத்தா, இறுக்கி ஒரு கட்டு கட்லாம். பிளேடு வெச்சி லேசா கீறி வுட்டா விசம் ரத்தத்தோட பூடும்" என்றார் ஒருவர். இன்னொருவர், "அதெல்லாம் வாணாம், பக்கத்துல மந்திரிக்கிற ஆளு கீறாரு" என்றார்.

நாத்தனார் ஹாண்டில்பாரை விடாமல், "கட்டவும் வேணாம், கீறவும் வேணாம். டிவியில தெளிவா சொன்னாங்க. ஊசி ஒண்ணுதான் மருந்து" என்றாள். பாம்பு நிகழ்ச்சி வந்தால் அவள் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மாமியார் அதற்காகத் திட்டாத நாள் கிடையாது. அவள் சொன்ன தோரணையில் பிளேடு பேசியவர் ஒதுங்கிவிட்டார். மந்திரம் சொன்னவர்தான் தன் பைக்கை எடுத்தார். முன்னால் போய், ஹாரனை விடாமல் அடித்து, கையை ஆட்டி ஆட்டி வண்டிகளை விலக்கி, ஆஸ்பத்திரி வாசல்வரை வழி உண்டாக்கிக் கொடுத்தார். நான் உள்ளே போனதும் அவர் போய்விட்டாராம். பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று நாத்தனார் பிறகு வருத்தப்பட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். பாம்பின் முதுகு எப்படி இருந்தது என்று என்னைச் சொல்லச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, யாரும் தொடக் கூடாது என்று மேஜைமேல் ஓரமாக நிறுத்திவைத்தார். சிறிது நேரம் கழித்து அதைச் சாய்த்துப் பார்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. அதற்குள் என் ஈறுகளில் ரத்தம் கசிந்து வாயெல்லாம் இரும்பு ருசி. டாக்டர் என் தோளில் கையை வைத்து, "நேரத்தோட வந்துட்டீங்க. மருந்து இருக்கு, ஏத்துறோம்" என்றார். டிரிப்ஸ் இறங்க ஆரம்பித்ததும் உடம்பு தூக்கிப் போட்டது. குளிரில் பல் அடித்துக்கொண்டது. மருந்தை நிறுத்தினார்கள், வேறு ஊசி போட்டார்கள், மறுபடி ஏற்றினார்கள். இதெல்லாம் பாதி கனவு போலத்தான் நினைவிருக்கிறது. தெளிவாக நினைவிருப்பது வாசலில் நாத்தனாரின் குரல்: "நான் உள்ள வந்தே தீருவேன் சிஸ்டர், அவங்ககூட யாராவது பேசிக்கிட்டே இருக்கணும்."

ரத்தம் மறுநாள் உறைய ஆரம்பித்தது. பிழைத்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கால் தொடைவரை வீங்கி, தோல் பளபளத்து, கணுக்காலைச் சுற்றிக் கறுத்துப்போனது. சிறுநீர் குறைந்து, பிறகு அடியோடு நின்றுவிட்டது. சிறுநீரகத்துக்கு ஓய்வு தேவை, டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள்.

என் கணவர் ஏ.சி. மெக்கானிக். பல்லாவரம் முதல் தாம்பரம்வரை அவர் கைபடாத ஏ.சி. குறைவு. எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன்தான். அதிகம் பேசாத மனிதர். டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் நின்று, அதை இயக்குபவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னிடம் வந்தார். "உள்ள ஒரு ஃபில்டர்தான். ஏ.சி.யில இருக்கிற மாதிரி. அழுக்கைப் பிடிச்சு வெச்சுட்டு நல்லதைத் திருப்பி அனுப்புது. பயப்படாதே" என்றார். நான் பயப்படவில்லை என்று சொன்னேன். பயந்துகொண்டுதான் இருந்தேன்.

சில முறை அந்த மெஷினில் படுத்த பிறகு ஒருநாள் காலையில் சிறுநீர் வந்தது. கொஞ்சம்தான், கறுப்புக் காபி நிறத்தில். நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். எதிர்க்கட்டில்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் மாமியார் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயை வார்டு முழுக்க ஊற்றிக் கொடுத்தார். ஒரு பெண் சிறுநீர் கழித்ததை இத்தனை பேர் கூடிக் கொண்டாடியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கறுத்த தோலை வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். விசாரிக்க வருபவர்களுக்குக் குறைவில்லை. பொழிச்சலூரிலிருந்து வந்த ஒரு உறவுக்காரப் பெண்மணி என் காலைப் பார்த்துவிட்டு, மாமியார் பக்கம் திரும்பி, "பொம்பளைக்கு எதுக்கு இந்த ஓட்டமெல்லாம்? வீட்டோட இருந்திருந்தா இப்படி ஆகுமா?" என்றார். இத்தனை நாள் மாமியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது வரப்போகிறது என்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"பாய்ல படுத்துத் தூங்குறவங்களைக்கூடத்தான் பாம்பு கடிக்குது" என்றார் மாமியார். "அதுக்காக யாரும் தூங்காம இருக்காங்களா? என் மருமக ஓடும்போது கடிச்சுது. அவ்வளவு விஷத்தையும் தாங்கி எழுந்து வந்துட்டா. நீங்க டீ குடிங்க."

சுவரைப் பார்த்தபடியே நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் வராத அழுகை அது.

காயத்துக்குக் கட்டுப் போட நர்ஸிடம் கற்றுவந்தவர் கணவர். வேலைக்குப் போகுமுன் உப்புத் தண்ணீரால் கழுவி, மருந்து தடவி, துணி சுற்றுவார். கம்ப்ரஸர் பைப்புக்கு டேப் சுற்றுகிற கை. ஒரு சுருக்கம் இருக்காது. நடப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கணுக்கால் மடங்கவே இல்லை. குதிகாலைத் தரையில் ஊன்றினால் மண்டைவரை வலி பாயும். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டு, கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுப்பார்கள். வலியில் நான் கத்தினால் அவர்களுக்குச் சிரிப்பு, அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அறைக்குள் நடந்தேன். பிறகு மாடிப்படி. பிறகு மொட்டைமாடியில் துணிக்கொடிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நடை. குதிகால் முதல்முறையாகத் தரையில் முழுசாகப் படிந்த அன்று, ஈரத் தரையில் பதிந்த பாதத்தை நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பரீட்சை பேப்பரைப் பார்ப்பதுபோல அவள் குனிந்து பார்த்துவிட்டு, "பாஸ்" என்றாள்.

மறுபடி ஓடப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். என் ஷூக்களை அவர் லாஃப்டில் ஏற்றிவைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"போதும்னு தோணலையா உனக்கு?"

"உட்கார்ந்தே இருந்தா இடுப்பு வலிக்குதுங்க."

"அதுதான் காரணமா?"

"இல்லை. எனக்கு ஓடணும்."

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி ஷூக்களை எடுத்துக் கொடுத்தார். ஆனால் இடது கால் அதில் நுழையவில்லை. வீக்கம் முழுசாக வடியாது, இந்தக் கால் இனி இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெரிய அளவு வாங்கினால் வலது கால் ஆடியது.

வேலைக்குத் திரும்பிய பிறகு இதைச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். எங்கள் பிரிவின் சூப்பர்வைசர் அக்கா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ செஞ்சு அனுப்புறோம், நம்ம பொண்ணுக்கு ஒரு ஜோடி செய்ய முடியாதா?" என்றார். முதலாளியிடம் அவரே போய்க் கேட்டு அனுமதி வாங்கினார். தோல் வெட்டும் பிரிவில் இருந்த அண்ணன் என் இரண்டு பாதத்தையும் அட்டையில் தனித்தனியாக வரைந்துகொண்டார். இரண்டு அளவில் இரண்டு அச்சு. ஒட்டுத் தோல் உரசும் இடத்தில் மட்டும் குழந்தைகள் ஷூவுக்கு வைக்கும் மெல்லிய தோல், உள்ளே பஞ்சு. மேல்பாகத்தை நானே தைத்தேன். ஆயிரக்கணக்கில் மேல்பாகம் தைத்த மெஷின்தான். ஒன்றுகூட என் காலுக்கு என்று தைத்ததில்லை. மிச்சத் தோலில் முழங்கால்வரை வரும் உறை ஒன்றும் தைத்துக்கொண்டேன், புதரோரம் போகும்போது கட்டிக்கொள்ள. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எந்தப் பல்லும் அதைத் தாண்டி வராது என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

முதல் ஓட்டம் ஏரிக்கரையில். ஓட்டம் என்று சொல்வதே அதிகம். நொண்டியபடி ஒரு துள்ளல். பக்கத்தில் புஸ்புஸ் என்று மூச்சு. பார்த்தால் நாத்தனார். மொபெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"உனக்குத்தான் ஒத்து வராதே?"

"வராதுதான். ஆனா மறுபடி ஏதாவது ஆச்சுன்னா அவ்வளவு தூரம் ஓடி வர்றதுக்குப் பக்கத்துலயே ஓடிட்டுப் போயிடலாம்" என்றாள். இரண்டு மின்கம்பத்துக்கு ஒருமுறை நின்று என்னையும் ஊரையும் திட்டினாள். ஆனால் மறுநாளும் வந்தாள். அந்த வருஷக் கோடைக்குள் நாங்கள் இருவரும் காட்டுத் தடத்தில் குவாரிவரை நிற்காமல் ஓடினோம்.

அவளைப் பெண் பார்க்கத் தாம்பரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நயமாகத்தான் கேட்டார்: "காட்டுக்குள்ள எல்லாம் ஓடுமாமே உங்க வீட்டுப் பொண்ணு?"

ஷர்பத் தட்டைக் கையில் பிடித்தபடி நாத்தனார் சொன்னாள்: "ஓடுறது அண்ணிங்க. தூக்கிட்டு வர்றதுதான் நான்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அந்த வீட்டுக்குத்தான் அவளைக் கொடுத்தோம். கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட் எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

பிறகு ஒருநாள் அந்தப் பெண் டாக்டர் எனக்கு போன் செய்தார். காலைக் காட்டப் போகும்போதெல்லாம் நான் ஓடுவதைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாக்கத்தில் கட்டட வேலை செய்த ஒரு பெண்ணை விரியன் கடித்திருக்கிறது, பிழைத்துவிட்டார், ஆனால் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார், வந்து ஒரு வார்த்தை பேச முடியுமா என்றார். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கால் வீங்கி, கட்டுப் போட்டு, தலையணைமேல் கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சல்வாரைக் கொஞ்சம் மேலே ஏற்றி, என் கணுக்காலைக் காட்டினேன். சுருங்கி, நிறம் மாறி, நல்ல தோலும் ஒட்டுத் தோலும் சேரும் இடத்தில் தையல்போல் ஒரு வரம்பு. அவர் திரும்பினார். விரலால் அந்த வரம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"உன்னியும் அதான் கட்ச்சிதா?"

"அதேதான்."

"இப்ப நட்க்க முடியுதா?"

"ஓடுவேன்."

"சும்மா சொல்லாதக்கா."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து, வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடினேன். திரும்பியும் ஓடி வந்தேன். இரண்டு பக்கமும் கட்டில்களில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "இது ஆஸ்பத்திரிம்மா, ஓடாதீங்க" என்று நர்ஸ் அதட்டினார். கதவருகே நின்ற டாக்டர் அவர் கையைப் பிடித்து, விடுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார்.

அந்த அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்கல?"

"மழைக்காலத்துல கொஞ்சம் இழுக்கும். முதல்ல ரொம்ப வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். குதிகாலை ஊன்றவே எனக்குப் பல வாரம் ஆச்சு."

"பர்வால்ல" என்றார் அவர். "எனிக்கும் ஒரு கை குடு, கீழ எறங்கிப் பாக்கறேன்."

ஒரு பக்கம் நானும் மறுபக்கம் நாத்தனாரும் பிடித்துக்கொண்டோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து நல்ல காலை முதலில் இறக்கினார். பிறகு மற்றதையும்.